நீயும்தானே பார்த்தே

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சீனியர் அக்காக்கள் எங்களுக்குத் தெரிய வேண்டியதை எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எந்தக் குழாயில் தண்ணீர் நிற்காமல் வரும், எந்த மிஸ் சிரித்துக்கொண்டே மார்க்கைக் குறைப்பார், அப்புறம், மூன்றாவது மாடியில் பூட்டிக் கிடக்கிற அறையில் செத்துப்போனவள் அன்றைக்கு என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள். வெள்ளை என்று நினைத்தால் தப்பு. மஞ்சள். அந்த மஞ்சள்தான் எங்களை நம்ப வைத்தது. வெள்ளை என்றால் கதை விடுகிறார்கள் என்று சிரித்திருப்போம், மஞ்சள் என்று குறிப்பாகச் சொல்கிறாள் என்றால் யாரோ நேரில் பார்த்துத்தானே இருக்க வேண்டும்?

அந்த அறைக்குள் உடைந்த கட்டில்களும் கால் போன மேசைகளும்தான் இருந்தன என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் விடுதியில் தங்கிப் படித்த பெண்கள் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், அவளுக்கும் ஒரு பூட்டிய அறை இருந்திருக்கிறது, அதில் ஒரு செத்துப்போனவள் இருந்திருக்கிறாள். சாவுக்குக் காரணம்தான் மாறும். ஒரு இடத்தில் காதல், இன்னொரு இடத்தில் பரீட்சை. பெயர் யாருக்கும் தெரியாது. எந்த வருஷம் என்று கேட்டால் "எங்க சீனியரோட சீனியர் காலத்துல" என்பார்கள். வார்டன்கள் இந்தக் கதையை மறுத்ததாகவும் கேள்விப்பட்டதில்லை. ஏன் மறுக்கப் போகிறார்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் யாரும் படியேறாமல் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல காவல் கிடைக்குமா?

இந்த மாதிரிக் கதைகளை நான் விடாமல் படிப்பவள். பெண்கள் விடுதிப் பள்ளி, பழைய கல் கட்டடம், இருட்டு வராந்தா, அமானுஷ்யம் என்று அட்டையில் இருந்தால் போதும், எழுத்து சுமாராக இருந்தாலும் முடித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். எலும்புக்கூடு எப்போதும் ஒன்றுதான். அம்மா இறந்துபோன பதினாறு வயசுப் பெண் ஒருத்தி பெட்டியோடு வாசலில் வந்து இறங்குவாள். கட்டடத்தில் ஒரு பகுதி எப்போதோ தீப்பிடித்து மூடிக் கிடக்கும். அங்கே போகாதே என்பார்கள். போவாள். ஒரு பழைய டைரி கிடைக்கும், டைரி எழுதியவளிடம் இருந்த ஏதோ ஒரு சக்தி தன்னிடமும் இருப்பது தெரியவரும். நூறு தடவை படித்திருந்தாலும் அந்தப் பெட்டியோடு இறங்குகிற இடத்தில் எனக்கு இன்னமும் வயிற்றில் என்னவோ செய்யும். இது வெறும் பயம் பிடிக்கிற ஆசை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பேய் எனக்கு ஒரு சாக்குதான் என்பது இப்போதுதான் மெதுவாகப் பிடிபடுகிறது.

காதிக் என்கிற இந்த வகைக் கதை முதலில் பள்ளிக்கூடத்தில் தொடங்கவில்லை. 1764-ல் ஹொரஸ் வால்போல் எழுதிய கதையில் கோட்டையும் கொடூரமான பிரபுவும்தான். முப்பது வருஷம் கழித்து, 1794-ல், ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடோல்ஃபோ'விலும் கோட்டைதான். அதில் எமிலி என்கிற பெண் ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மயங்கி விழுவாள். என்ன பார்த்தாள் என்று ராட்கிளிஃப் சொல்ல மாட்டார். நூற்றுக்கணக்கான பக்கங்கள் நம்மை இழுத்துக்கொண்டு போய், முடிகிற நேரத்தில்தான் அது அழுகிய பிணம் மாதிரி செய்து வைத்த ஒரு மெழுகு பொம்மை என்பார். முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபமாக வந்தது, இதற்குத்தானா இவ்வளவு என்று. இப்போது யோசித்தால் எமிலி ஒன்றும் தப்பாகப் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் ஒன்று இருந்தது, அதை அவள் பார்த்தாள். அதற்கு வைத்த பெயர்தான் தப்பு.

கோட்டையில் ஒரு வசதி உண்டு, வில்லன் யார் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்த வசதி கிடையாது. பூட்டுகிறவர் உன் நல்லதுக்குத்தான் பூட்டுகிறார், மணி அடிக்கிறவரும் உன் நல்லதுக்குத்தான் அடிக்கிறார். வீட்டுக்கு எழுதும் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவரும் அப்படியே. இதைக் கதைக்குள் கொண்டுவந்தவர்களில் சார்லட் பிரான்டி முக்கியமானவர், அவர் அதை அனுபவித்தவர். 1824-ல் இங்கிலாந்தில் கோவன் பிரிட்ஜ் என்ற இடத்தில், பாதிரியார்களின் பெண்களுக்காகத் தொடங்கிய விடுதிப் பள்ளியில் பிரான்டி சகோதரிகள் நான்கு பேரைச் சேர்த்தார்கள். மூத்தவள் மரியா காசநோயோடு வீடு திரும்பி 1825 மே மாதம் இறந்தாள், வயது 11. அடுத்தவள் எலிசபெத் ஜூன் மாதம், வயது 10. சார்லட்டுக்கு அப்போது 9 வயது. 1847-ல் 'ஜேன் அயர்' வந்தபோது அந்தப் பள்ளி லோவுட் என்ற பெயரில் அதற்குள் இருந்தது, மரியா ஜேனின் தோழி ஹெலன் பர்ன்ஸாக இருந்தாள்.

லோவுட்டில் நான் மறக்காத காட்சி ஒன்று உண்டு, அதில் பேயே கிடையாது. பள்ளியை நடத்துகிற பிராக்கிள்ஹர்ஸ்ட் ஒரு பெண்ணின் சுருட்டை முடியைப் பார்த்துக் கொதிப்பார். அது இயற்கையாகவே சுருட்டை என்று டீச்சர் சொன்னாலும் கேட்க மாட்டார், வெட்டச் சொல்லுவார். சொல்லி முடிக்கும் முன்னால் அவருடைய மனைவியும் மகள்களும் உள்ளே வருவார்கள், வெல்வெட்டும் ஃபரும் போட்டுக்கொண்டு, தலைமுடியை மெனக்கெட்டுச் சுருட்டிவிட்டுக்கொண்டு. அன்றைக்கே ஜேனை ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, இவள் பொய் சொல்கிறவள், இவளோடு யாரும் சேராதீர்கள் என்று பள்ளி முழுக்க அறிவிப்பார். அடியைவிட மோசமான தண்டனை அது. நீ என்ன சொன்னாலும் இனி செல்லாது என்று ஆக்கிவிடுவது. அப்புறம் மிஸ் டெம்பிள் (நான் மனசுக்குள் டெம்பிள் மிஸ் என்றுதான் கூப்பிடுவேன்) அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், சரி, உன் பக்கத்துக் கதையைச் சொல் என்கிறார். கேட்கிறார். விசாரித்துக் கடிதம் எழுதுகிறார். பதில் வந்ததும் எல்லார் முன்னாலும் இவள் மேல் குற்றமில்லை என்கிறார். ஒரு பெரியவர் நாம் சொல்வதை உட்கார்ந்து கேட்பது அந்த வயசில் எவ்வளவு அபூர்வம் என்பது விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது 1853-ல் வந்த 'வில்லெட்' பற்றி. சார்லட் 1842-ல் பிரஸ்ஸல்ஸுக்குப் போய் ஒரு பெண்கள் பள்ளியில் முதலில் படித்து, பிறகு பாடமும் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பள்ளிக்கூடம்தான் இந்த நாவலில் மேடம் பெக்கின் பள்ளியாக வருகிறது. கதாநாயகி லூசி ஸ்னோ அங்கே வந்து சேர்ந்த முதல் ராத்திரி, மேடம் பெக் சத்தமில்லாமல் அறைக்குள் வருவார். லூசி தூங்குவது போலக் கிடப்பாள். மேடம் அவள் உடுப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவார், பையில் இருக்கிற பணத்தை எண்ணுவார், சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய் மெழுகில் அச்சு எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போவார். காலில் ஓசை எழுப்பாத செருப்பு. இத்தனைக்கும் அவர் கெட்டவர் இல்லை. பள்ளியை நன்றாகவே நடத்துகிறார். எனக்கு அந்த இடத்தில் பேயை எல்லாம்விட அதிகமாக உடம்பு சிலிர்த்தது. எங்கள் லாக்கர்களுக்கும் ஆபீஸ் அறையில் ஒரு மாற்றுச் சாவி இருந்தது.

வில்லெட்டின் பேய் ஒரு கன்னியாஸ்திரீ. விரதத்தை மீறியதற்காக உயிரோடு புதைக்கப்பட்டவள் என்று ஐதீகம், தோட்டத்துப் பேரிக்காய் மரத்தடியில். லூசி ஒரு கடிதத்தைத் தனியாகப் படிக்க மேல்மாடிப் பரணுக்குப் போகும்போது கறுப்பும் வெள்ளையுமாக ஒரு உருவத்தைப் பார்க்கிறாள். டாக்டர் ஜானிடம் சொல்கிறாள். அவர் அன்பானவர், அழகானவர், லூசிக்கு அவர் மேல் ஒரு இதுவும் உண்டு. அவர் சொல்கிறார், இது நரம்புத் தளர்ச்சி, மனசு ரொம்ப நாளாக அழுத்தப்பட்டதால் வருகிற மாயத்தோற்றம், சந்தோஷமாக இரு, சரியாகிவிடும். சந்தோஷமாக இரு என்பதை மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுக்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் தோட்டத்தில், லூசிக்குப் பக்கத்தில் நிற்கும் பால் இமானுவேல் என்கிற சிடுமூஞ்சி வாத்தியார், தானும் அந்த உருவத்தைப் பார்த்திருப்பதாகச் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் இருவர் கண் முன்னாலும் அது கடந்து போகிறது. அந்த நாவலில் காதல் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கட்சி. பூங்கொத்தெல்லாம் அப்புறம். நானும் பார்த்தேன் என்று ஒருவர் சொல்வது இருக்கிறதே, லூசி மாதிரி ஒருத்திக்கு அது போதும்.

கடைசியில் என்ன ஆகிறது தெரியுமா? ஒரு ராத்திரி லூசி தன் கட்டிலில் அந்தக் கன்னியாஸ்திரீ படுத்திருப்பதைப் பார்க்கிறாள். ஓடவில்லை. பாய்ந்து போய் பிடித்து இழுக்கிறாள். கையில் வருவது ஒரு நீளத் தலையணையும் அங்கியும் முக்காடும். கூடவே ஒரு சீட்டு, பரண் கன்னியாஸ்திரீ தன் உடுப்பை லூசி ஸ்னோவுக்கு விட்டுப்போகிறாள் என்று. இவ்வளவு நாளும் ஒரு மாணவியைப் பார்க்க ஒரு பிரபு வீட்டுப் பையன் அந்த வேஷத்தில் சுவரேறி வந்துகொண்டிருந்திருக்கிறான். ஆக பேய் இல்லை. அதே சமயம் நரம்புத் தளர்ச்சியும் இல்லை! டாக்டர் சொன்னது தப்பு. லூசியின் கண் சரியாகத்தான் இருந்தது.

சரி, இப்போது என் கதை.

ஒன்பதாம் வகுப்பு. எங்கள் டார்மிட்டரியில் என் கட்டில் ஜன்னலில் இருந்து இரண்டாவது, முதல் கட்டிலில் இருந்தவள் சரியாகத் தூங்க மாட்டாள். ஒரு ராத்திரி என் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினாள். எதிர் பிளாக்கின் மொட்டை மாடியில் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். விளக்கு இல்லை, நிலா மட்டும் கொஞ்சம். வெளிர் நிறத்தில் என்னவோ உடுத்தி, முடியை விரித்துப் போட்டு, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் மெதுவாகப் போய், அங்கே ஒரு நிமிஷம் நின்று, திரும்பி வந்தார்கள். மறுபடி போனார்கள். அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள், நகம் பதிந்த இடம் காலையிலும் சிவந்திருந்தது. நான்கு தடவை திரும்பியதை நான் எண்ணினேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

காலையில் அவள் சொல்லிவிட்டாள். நான் சொல்லவில்லை. இரண்டே நாளில் விடுதி முழுக்க ஜுரம் மாதிரிப் பரவியது. ஜூனியர் பெண்கள் இரண்டு பேர் காரணமே இல்லாமல் அழுதார்கள். ஒருத்தி தனியாக பாத்ரூம் போகமாட்டேன் என்றாள், இன்னொருத்தி தானும் பார்த்தேன் என்றாள், அவள் ஜன்னலில் இருந்து அந்த மாடி தெரியவே தெரியாது.

அந்தப் பரவலைப் பிற்காலத்தில் வேறு இடத்தில் படித்தபோது எனக்கு எங்கள் டார்மிட்டரிதான் கண்ணில் வந்தது. 1962 ஜனவரி 30, டாங்கனிகாவில் (இன்றைய தான்சானியா) கஷாஷா என்ற கிராமத்தில், மிஷன் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளி. மூன்று பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள், நிறுத்த முடியவில்லை. 159 மாணவிகளில் 95 பேருக்குப் பரவி, மார்ச் 18-ம் தேதி பள்ளியையே மூட வேண்டியதாயிற்று. சிரிப்பு என்றால் சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். சிரிப்பும் அழுகையும் மாறி மாறி, சிலருக்கு நாள்கணக்கில். யாரோ துரத்திக்கொண்டு வருவது போலப் பயமாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். ரத்தத்தைச் சோதித்த டாக்டர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. டீச்சர்கள் ஒருவருக்குக்கூட வரவில்லை. வாயால் சொல்ல வழியில்லாததை உடம்பு சொல்லிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்டடி ஹவர் முடிந்ததும் வார்டன் எங்கள் இரண்டு பேரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். இறுக்கிப் போட்ட கொண்டை, மேசை மேல் சாவிக்கொத்து. முதலில் அவளைக் கேட்டார், அவள் ஒன்று விடாமல் சொன்னாள், தண்ணீர்த் தொட்டி, விரித்த முடி, எல்லாம். வார்டன் குறுக்கே பேசவே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன் கட்டில் பக்கத்துலதானே. நீ பார்த்தியா?"

நான் சாவிக்கொத்தைப் பார்த்தேன். "இல்ல மிஸ். நான் தூங்கிட்டேன்."

அவள் என்னைத் திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. திரும்பி ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். வீட்டுக்குக் கடிதம் போயிற்று, கற்பனை அதிகம், மற்ற பிள்ளைகளையும் கெடுக்கிறாள் என்று. கட்டிலை வார்டன் அறைக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். அடுத்த வருஷம் அவள் வரவில்லை.

இதற்கு நேர் எதிராக ஒரு கதை இருக்கிறது. ராபர்ட் டேல் ஓவன் என்கிற அமெரிக்க அரசியல்வாதி 1860-ல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். 1845, இன்றைய லாட்வியாவில், உயர்குடிப் பெண்கள் 42 பேர் தங்கிப் படித்த விடுதிப் பள்ளி. அங்கே எமிலி சாஜே என்று 32 வயது பிரெஞ்சு டீச்சர். மாணவிகளின் சிக்கல் என்னவென்றால் சில நேரம் அவர் இரண்டாகத் தெரிந்தார். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே இன்னொரு எமிலி, கையில் சாக்பீஸ் இல்லாமல், அதே அசைவோடு. ஒரு நாள் எல்லாரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து பூவேலை தைத்துக்கொண்டிருக்கிறார்கள், கண்ணாடிக் கதவு வழியே எமிலி தோட்டத்தில் பூப்பறிப்பது தெரிகிறது. மேற்பார்வைக்கு இருந்த டீச்சர் எழுந்து வெளியே போகிறார். அந்தக் காலி நாற்காலியில் எமிலி. தோட்டத்திலும் எமிலி, ஆனால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் மாதிரி கை மெதுவாக அசைகிறது. தைரியசாலிகள் இரண்டு பேர் நாற்காலியில் இருந்ததைப் போய்த் தொட்டுப் பார்த்தார்கள், மெல்லிய மஸ்லின் துணியைத் தொட்டது போல இருந்ததாம்.

இதை ஓவனுக்குச் சொன்னவர் ஜூலி, அப்போது அங்கே படித்த 13 வயதுப் பெண். கதை முழுக்க அவர் வாயிலிருந்து வந்ததுதான், அதனால் நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என்னை நிறுத்தியது வேறொரு துணுக்கு. பிறகு பெண்கள் போய் எமிலியிடமே கேட்கிறார்கள், அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று. டீச்சரின் நாற்காலி காலியாக இருப்பதைத் தோட்டத்திலிருந்து பார்த்தேன், அடடா, அவர் போயிருக்கக் கூடாதே, இந்தப் பெண்கள் இனி வேலையை விட்டுவிட்டு விளையாடுவார்களே என்று நினைத்தேன், என்கிறார். பாவம். உடம்பு பூப்பறித்துக்கொண்டிருக்கிறது, கவலை மட்டும் எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. பெற்றோர் ஒவ்வொருவராகப் பிள்ளைகளைக் கூட்டிப்போக, 42 பேரில் 12 பேர்தான் மிஞ்சினார்கள். எமிலியை வேலையைவிட்டு அனுப்பினார்கள். இதோடு பத்தொன்பதாவது தடவை என்று அவர் அழுததாக ஜூலி சொல்கிறார்.

அந்தப் பள்ளியில் மாணவிகளை நம்பினார்கள், டீச்சருக்கு வேலை போயிற்று. எங்கள் வார்டனுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது அவருக்கும் அதே பயம்தான் இருந்திருக்கும்.

ஏனென்றால் அது அவர்தான். பல வருஷம் கழித்து, விடுதியில் வேலை பார்த்த ஆயாம்மாவைத் தற்செயலாகப் பார்த்தேன். பழைய கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம், மாடிப் பேய் பேச்சு வந்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அது உங்க வார்டன் மிஸ்தான் பாப்பா. அவங்களுக்குத் தூக்கமே வராது. மாத்திரை போட்டாலும் வராது. எல்லாரும் படுத்தப்புறம் மேல போய் நடப்பாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க." தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று அழுவார் என்றும் சொன்னார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது.

ஆக, ஒருத்தி சொல்வது அத்தனையும் உண்மை என்று தெரிந்துகொண்டே அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் சொல்வது பொய் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் மேல் கோபப்பட முயற்சி செய்து பார்த்தேன். எனக்கும் இப்போது கிட்டத்தட்ட அவர் வயசு, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஹாலில் நடக்கிறேன், என் முடியும் விரிந்துதான் கிடக்கிறது. கோபம் ஓரளவுக்கு மேல் வரமாட்டேன் என்கிறது. பதினாலு வயசில் அந்த நாற்காலிக்கு முன்னால் நின்றவளை மட்டும் விட்டுவிட முடியவில்லை. கதைகளில் வருகிற பெண் பூட்டிய அறைக்குள் போய் தன்னிடம் இருக்கிற சக்தியைக் கண்டுபிடிப்பாள். நான் என்னிடம் இல்லாததைக் கண்டுபிடித்தேன், அதுவும் விளக்குப் போட்ட ஆபீஸ் அறையில்.

போன மாதம் அவள் நம்பர் கிடைத்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். குரல் மாறவில்லை. பிள்ளைகள், வேலை, முதுகுவலி என்று பேசிவிட்டு, அன்றைக்கு மாடியில் நடந்தது வார்டன் மிஸ்தானாம் என்று ஆயாம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அது யாருன்னு நான் கேக்கலடி," என்றாள். "நீயும்தானே பார்த்தே?"

"பார்த்தேன்டி. நாலு தடவை திரும்பினாங்க."

"அஞ்சு," என்றாள்.